ஒரு புள்ளி வேறுபாடு: கோயம்புத்தூர் கண்ட உதைபந்தாட்டப் பருவமும் மலையகமும்

விளையாட்டின் வரலாறு எனும்போது வென்றோரின் பெயர்ப்பட்டியலே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றது. கிண்ணங்களையும் ஆண்டுகளையும் நிரைப்படுத்திவிட்டால் வரலாறு எழுதியாயிற்று என்று கருதுவோர் பலர். ஆயின், ஆடியவர் யாவர், எந்நேரத்தில் ஆடினர், அவர்க்கு ஆடுகளம் எங்கிருந்து கிடைத்தது, ஆடிய நாளில் அவர்தம் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டவர் யார் என்னும் வினாக்கள் எழும்போதே விளையாட்டு சமூக வரலாற்றின் ஒரு பகுதியாகின்றது. இந்தியாவின் ஐ-லீக் உதைபந்தாட்டச் சுற்றில் 2018–19 ஆம் ஆண்டுப் பருவத்தில் தமிழ்நாட்டுக் கழகமொன்று பெற்ற வெற்றியை அவ்வினாக்களின் வழி நின்று நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது. நோக்கும் இடம் வட்டகொடை. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் இடையே புகையிரதம் நின்று செல்லும் ஒரு சிறு நிலையமும் அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளுமே அவ்விடம். கோயம்புத்தூரில் நிகழ்ந்த ஒன்றனை வட்டகொடையிலிருந்து பார்க்க வேண்டிய தேவை யாது என்பது கட்டுரையின் போக்கிற் புலனாகும்.

லீக் என்னும் அமைப்பு

போட்டிகள் இரு வகையின. தோற்றவர் வெளியேறும் போட்டி ஒரு வகை. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று தத்தம் ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையுமாக ஆடி, வெற்றிக்கு மூன்று புள்ளியும் சமநிலைக்கு ஒரு புள்ளியும் பெற்று, முடிவில் மிகுதியான புள்ளிகளைச் சேர்த்தவர் பட்டம் பெறும் லீக் முறை மற்றொரு வகை. முதல் வகையில் ஒரு நாளைய திறமை, சில வேளை ஒரு நாளைய அதிட்டம், கிண்ணத்தைப் பெற்றுத் தந்துவிடும். இரண்டாவதில் அவ்வாறன்று. ஐந்தாறு மாதங்கள் வாரந்தோறும் ஆடவேண்டும். காயமுற்றவருக்கு மாற்றாள் வேண்டும். பயணச் செலவு வேண்டும். பயிற்சிக்கு நாள்தோறும் நேரம் வேண்டும். எனவே லீக் என்பது ஆட்டக்காரரை மட்டுமன்றி, அவர்க்குப் பின்னே நிற்கும் அமைப்பையும் அளந்து காட்டும் கருவி எனலாம்.

இம்முறை தோன்றிய வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. இங்கிலாந்தில் 1885 ஆம் ஆண்டில் ஊதியம் பெற்று ஆடுதல் முறையானதென ஏற்கப்பட்டது. ஊதியம் கொடுக்க வேண்டுமாயின் ஒழுங்கான வருமானம் வேண்டும். ஒழுங்கான வருமானத்துக்கு முன்கூட்டியே நாள் குறித்த ஆட்டங்கள் வேண்டும். இத்தேவையை உணர்ந்த அஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கிரெகர் என்னும் துணி வணிகரின் முயற்சியால் 1888 இல் பன்னிரண்டு கழகங்களோடு உலகின் முதல் உதைபந்தாட்ட லீக் தொடங்கியது. முதற் பருவத்தில் பிரெஸ்டன் நோர்த் எண்ட் அணி இருபத்திரண்டு ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோல்வியுறாது பட்டம் வென்றது. அக்கழகங்கள் யாவும் லங்காஷயர், மத்திய இங்கிலாந்து ஆகிய தொழிற்பகுதிகளைச் சேர்ந்தவை என்பது நோக்கற்பாலது. 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைத் தொழிலாளர்க்குச் சனிக்கிழமைப் பிற்பகலை ஓய்வாகப் பெற்றுத் தந்திருந்தது. அந்த ஓய்வு நேரமும், ஊர்களை இணைத்த இருப்புப் பாதையுமே லீக்கின் இரு தூண்கள். நேரமும் பாதையும் இல்லாதவிடத்து லீக் இல்லை.

மலையகத்தில் பாதையும் நேரமும்

இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் ஊதியம் ஏற்கப்பட்ட அதே 1885 ஆம் ஆண்டிலேதான் நம் மலைநாட்டு இருப்புப் பாதை நானுஓயாவை எட்டியது. வட்டகொடையும் அப்பாதையிலே அமைந்தது. ஆக, பாதை நமக்கும் கிடைத்தது. ஆயின் அங்கே அப்பாதை அணிகளையும் இரசிகரையும் சுமந்தது. இங்கே அது தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. மற்றொரு தூணாகிய நேரம் தோட்டத் தொழிலாளிக்கு என்றும் சொந்தமாயிருந்ததில்லை. விடியலில் பிரட்டுக்களத்திற் பேர் கொடுப்பது முதல் மாலையிற் கொழுந்து நிறுப்பது வரை பொழுது தோட்டத்துக்குரியது. எஞ்சிய ஞாயிற்றுக்கிழமை விறகுக்கும் கடைத்தெருவுக்கும் துவைத்தலுக்கும் போய்விடும்.

மலைநாட்டில் விளையாட்டே இல்லாதிருந்தது என்பதன்று இதன் பொருள். வட்டகொடையிலிருந்து இரண்டு நிலையங்களுக்கு அப்பால் உள்ள ரதெல்லவில் டிம்புல விளையாட்டுக் கழகத்தின் பச்சைப் பசுந்தரை இருக்கின்றது. டிக்கோயாப் பகுதியில் தரவளைக் கழகம் இருக்கின்றது. இவை துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமக்கென அமைத்துக்கொண்ட கழகங்களின் வழி வந்தவை. கிரிக்கெட்டும் றகரும் அங்கே ஆடப்பட்டன. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி அத்தகைய ஆடுகளங்களை ஆக்குதற்கு மண் சுமந்த கைகள் எவருடையவை என்பதை விளக்க வேண்டியதில்லை. அக்கைகளுக்குரியோர் அங்கே ஆடுவோராய் நுழையவில்லை. அவர்தம் பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பாடசாலையின் முன்றிலோ, தேயிலை நடப்படாத ஒரு மொட்டை வெளியோ ஆடுகளமாயிற்று. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு நாட் போட்டிகள் நடைபெறுதல் மரபு. அவை தோற்றவர் வெளியேறும் போட்டிகள். காலையில் தொடங்கி அந்தி சாயுமுன் முடிந்துவிடுபவை. மலையகத்தின் உதைபந்தாட்டம் ஏன் ஒரு நாளைக்குள் அடங்கியது என்பதற்கு விடை ஆட்டத்தில் இல்லை. வேலைநாள் என்னும் ஏற்பாட்டில் இருக்கின்றது.

இதனோடு அரசியற் காரணமும் சேர்ந்தது. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தனுப்பிய மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவர்க்கு வாக்கு இல்லை என்பதை வரலாற்று நூல்கள் கூறும். அவர்க்குக் கடவுச்சீட்டு இல்லை, கடவுச்சீட்டு இல்லாதவர் தேசிய அணியின் மேற்சட்டையை அணிந்து வெளிநாடு செல்ல இயலாது என்பதும் அதன் உள்ளடக்கமே. இருபது வயதில் ஓடவல்ல ஓர் இளைஞனுக்கு இழந்த பத்தாண்டு திரும்ப வருவதில்லை. குடியுரிமைச் சிக்கல் சட்ட அளவில் முற்றாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதன் பின்னர் மலையகம் தேசிய லீக்கின் அருகே வந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2021 இல் இலங்கையில் தொழில்முறை அடிப்படையிற் சுப்பர் லீக் என்னும் உயர்நிலைச் சுற்று தொடங்கப்பட்டபோது அதிற் பத்துக் கழகங்கள் இடம்பெற்றன. அவற்றுள் நாவலப்பிட்டியைத் தளமாகக் கொண்ட அப் கன்ட்ரி லயன்ஸ் ஒன்று. வட்டகொடை நிற்கும் அதே இருப்புப் பாதையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஊர் நாவலப்பிட்டி. எஞ்சிய ஒன்பதும் கொழும்பு, மேற்குக் கரையோர ஊர்கள், முப்படைகள் ஆகியவற்றைச் சார்ந்தவை. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமேனும் அதில் இல்லை. பெருந்தொற்றினால் இடையிடையே தடைப்பட்டு நடந்த அச்சுற்றில் களுத்துறையைச் சேர்ந்த புளூ ஸ்டார் அணி பட்டம் வென்றது. அதே 2021 இலேதான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தோட்டத்திலிருந்து ஓர் இளைஞன் கொழும்பு சென்று ஓர் ஆட்டம் ஆடித் திரும்புவதாயின் இரண்டு நாட்சம்பளம் போய்விடும் என்பதனை இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் உணர்வர். சுப்பர் லீக்கும் நிலைபெறவில்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது; அத்தடை அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் நீங்கியது.

கடலுக்கு அப்பால்

மலையகத்தின் வரலாற்றை இத்தீவின் எல்லைக்குள் மட்டும் எழுதிவிட முடியாது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் நிலை 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. அவ்வாறு தலைமன்னார் வழியே சென்றவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கென 1968 இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கூட்டுத்தாபனமாயிற்று. அந்நீலகிரியின் அடிவாரப் பெருநகரம் கோயம்புத்தூர். மலையகத்தார் பலருக்கு அப்பெயர் புவியியற் பாடத்திற் படித்த பெயரன்று. கடிதங்களின் முகவரியில் அறிமுகமான பெயர். எனவே அந்நகரத்து மைதானத்தில் 2019 மார்ச்சில் நிகழ்ந்ததை நாமும் ஆராய்தல் பொருத்தமற்றதாகாது.

2018 ஒக்டோபர் முதல் 2019 மார்ச் வரை

இந்தியாவில் 1996 இல் தேசிய உதைபந்தாட்ட லீக் தொடங்கியது. 2007 இல் அது ஐ-லீக் எனப் பெயர் மாறியது. சென்னையின் இந்தியன் வங்கி அணி பழைய லீக்கில் ஆடியதுண்டு. ஆயினும் பட்டம் வென்ற தமிழ்நாட்டுக் கழகம் எதுவுமில்லை. கொல்கத்தா, கோவா ஆகிய இரு நிலங்களே பட்டத்தைப் பெரிதும் பகிர்ந்துகொண்டன. 2014 இல் பெரும் முதலீட்டோடு இந்தியன் சுப்பர் லீக் தோன்றியது. அதில் இடம்பெற்ற சென்னையின் எப்.சி. 2015 இலும் 2017–18 இலும் பட்டம் வென்றது. அச்சுற்றில் அணிகள் அன்று கீழிறக்கப்படவில்லை. உரிமைத்தொகை செலுத்தியவர்க்கே அன்று இடம் இருந்தது. பணமும் விளம்பரமும் அப்பக்கம் சாய, ஐ-லீக் சிறிய ஊர்களின் சுற்றாயிற்று. இந்நிலையிலேதான் சென்னை சிட்டி என்னும் கழகம் 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. முதலிரு பருவங்களிலும் அது பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே நின்றது. சென்னையில் தொடங்கிய அக்கழகம் பின்னர்த் தன் ஆட்டங்களைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்குக்கு மாற்றிக்கொண்டது.

2018 இற் பயிற்றுவிப்பாளராக வந்தவர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். அவர் அமைத்த அணியின் இயல்பே இப்பருவத்தின் முதன்மைச் செய்தி. வெளிநாட்டு ஆட்டக்காரருக்காகப் பெரும் பெயர்களை அக்கழகம் நாடவில்லை. ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவரையே தேடிப்பிடித்தது. உருகுவேயிற் பிறந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ றொட்றீகஸ், ரொபேர்ட்டோ எஸ்லாவா, கோல்காப்பாளர் நௌசெற் சந்தானா ஆகியோர் அவ்வாறு வந்தவர். அவரைச் சூழ எட்வின் சிட்னி வன்ஸ்போல், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், ரெஜின் மைக்கேல், பிரவிட்டோ ராஜு, சாள்ஸ் ஆனந்தராஜ், பாண்டியன் சீனிவாசன் முதலிய தமிழ்நாட்டு இளைஞர் நின்றனர். பெரிய கழகங்கள் விலைபேசாத இளைஞர் இவர்கள். பந்தை நெடுந்தூரம் உயர்த்தி அடித்துத் துரத்தும் பழைய முறையைக் கைவிட்டு, தரையோடு தரையாகக் குறுகிய தூரத்திற் பந்தைக் கைமாற்றி முன்னேறும் முறையை இவ்வணி கைக்கொண்டது. இம்முறைக்கு உடல்வலிமையினும் ஒருவரையொருவர் அறிதல் முக்கியம். ஒருவரையொருவர் அறிதற்குச் சேர்ந்து பயிலும் நாள்கள் முக்கியம். அதற்கு மாதச் சம்பளம் பெற்று வேறு வேலையின்றி ஆடும் வாய்ப்பு அடிப்படையாகும்.

2018 ஒக்டோபர் 26 ஆந் திகதி கோயம்புத்தூரில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியன் அரோஸ் என்னும் இளைஞர் அணியைச் சென்னை சிட்டி நான்குக்கு ஒன்று என வென்றது. மான்சி அதில் மூன்று கோல்களைப் போட்டார். பதினொரு அணிகள் இடம்பெற்ற அப்பருவத்தில் ஓரணிக்கு இருபது ஆட்டங்கள். ஸ்ரீநகரின் றியல் காஷ்மீர் முதன்முறையாக உயர்நிலைக்கு வந்திருந்தது. 2019 பெப்ரவரியில் புல்வாமாத் தாக்குதலின் பின் அவ்வணி ஈஸ்ட் பெங்காலுடன் ஆடவேண்டிய ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. நாட்டின் அரசியல் ஆடுகளத்தையும் விட்டுவைக்காது என்பதற்கு இஃதொரு சான்று.

கடைசி நாளாகிய 2019 மார்ச் 9 விடிந்தபோது சென்னை சிட்டியிடம் நாற்பது புள்ளிகள் இருந்தன. ஒரு நூற்றாண்டுப் பழைமை எய்திக்கொண்டிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் முப்பத்தொன்பது. கோயம்புத்தூரில் சென்னை சிட்டி முந்தைய ஆண்டின் சம்பியனாகிய மினர்வா பஞ்சாபையும், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவையும் ஒரே வேளையில் எதிர்கொண்டன. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோலைப் போட்டது. இடைவேளை வரை நிலை அதுவே. இடைவேளைக்குப் பின் கிடைத்த தண்ட உதையை மான்சி கோலாக்கினார். கோழிக்கோட்டிலோ முதலிற் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால் இறுதிப் பகுதியில் இரு கோல்களைப் போட்டு இரண்டுக்கு ஒன்று என வென்றது. அவ்வெற்றியால் அதன் புள்ளி நாற்பத்திரண்டு. கோயம்புத்தூர் ஆட்டம் சமநிலையில் முடிந்திருப்பின் சென்னை சிட்டியின் புள்ளி நாற்பத்தொன்றேயாகிப் பட்டம் கொல்கத்தா சென்றிருக்கும். அவ்வாறு நிகழாமற் காத்தவர், கோல் போடுவோர் பட்டியலிற் பெயர் பெறாத கௌரவ் போரா. அவர் இரு கோல்களைப் போட்டார். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் வந்தது. மூன்றுக்கு ஒன்று என்ற வெற்றியோடு சென்னை சிட்டி நாற்பத்து மூன்று புள்ளிகளை எட்டியது.

இருபது ஆட்டங்களிற் பதின்மூன்று வெற்றி, நான்கு சமநிலை, மூன்று தோல்வி. போட்ட கோல்கள் நாற்பத்தெட்டு, வாங்கியவை இருபத்தெட்டு. இவ்வெண்களை ஊன்றி நோக்கின் இரண்டு உண்மைகள் புலனாகும். ஈஸ்ட் பெங்கால் வாங்கிய கோல்கள் இருபதே. அஃதாவது தற்காப்பில் அவ்வணியே சிறந்தது. சென்னை சிட்டி தாக்குதலாலேயே வென்றது. மான்சி தனியொருவராய் இருபத்தொரு கோல்களைப் போட்டார் என்பது உண்மையே. எனினும் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணிக்காக வில்லிஸ் பிளாசா என்பவரும் அதே இருபத்தொரு கோல்களைப் போட்டார். அவ்வணி நான்காமிடத்தையே பெற்றது. ஆகவே ஒரு பெரிய ஆட்டக்காரர் கிடைத்தமையால் வந்த பட்டம் இது என்று கூறிவிட முடியாது. எஞ்சிய இருபத்தேழு கோல்களும், அவற்றுக்கு வழிவகுத்த இளைஞரும் சேர்ந்தே வேறுபாட்டை ஆக்கினர். அவ்வேறுபாட்டின் அளவு ஒரு புள்ளி.

பட்டத்தின் பின்

வெற்றியோடு வரலாறு முடிவதில்லை. பட்டம் பெற்றமையால் ஆசியச் சம்பியன் கழகங்களின் சுற்றுக்கான தகுதிகாண் ஆட்டம் கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரெயினின் அல் றிபா கழகத்திடம் ஒரு கோலினால் தோற்றுச் சென்னை சிட்டி வெளியேறியது. சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் இருபத்தாறு சதவீதப் பங்கை வாங்கி உறவு கொண்டது. இவை வளர்ச்சியின் அடையாளங்களாகவே தோன்றின. ஆயின் அதே காலத்தில் அணி கரையத் தொடங்கியிருந்தது. கோர்டில்லோ ஹைதராபாத் சென்றார். மான்சி ஜப்பான் சென்றார். ரொமாரியோ கோவாவுக்கும் எட்வின் சென்னையின் எப்.சி.க்கும் சென்றனர். பெருந்தொற்றினால் 2019–20 பருவம் இடையில் நின்றது. அடுத்த பருவம் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே, பார்வையாளரின்றி நடந்தது. 2021–22 பருவம் தொடங்கியபோது ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்னும் பெயர் இல்லை. பட்டம் வென்று மூன்றாண்டு நிறையுமுன் கழகம் உயர்நிலையிலிருந்து மறைந்துவிட்டது.

ஆட்டக்காரர் உயர்ந்தனர், கழகம் மறைந்தது என்பதே இவ்வரலாற்றின் சுருக்கம். தனியாட்களுக்குக் கிடைத்த உயர்வை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. விலைபேசப்படாதிருந்த இளைஞர் நாட்டின் முதன்மைக் கழகங்களில் இடம்பெற அப்பருவம் வழி திறந்தது. எனினும் அடுத்த தலைமுறையின் இளைஞன் எந்த வாயிலைத் தட்டுவான் என்னும் வினாவுக்கு அவ்வூரில் விடையில்லாமற் போயிற்று.

ஐசோல் தரும் ஒப்பீடு

இவ்விடத்து மற்றொரு வரலாற்றை ஒப்பிடுதல் தகும். 2016–17 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது மிசோரம் மாநிலத் தலைநகராகிய ஐசோலின் கழகம். மிசோரம் மலைநாடு, சமதரை அரிது, பெருந்தொழில்கள் இல்லை. முந்தைய பருவத்தில் அவ்வணி கீழிறக்கப்பட்டு, கோவாக் கழகங்கள் விலகியமையால் மீளச் சேர்க்கப்பட்டதாகும். காலித் ஜமீலின் பயிற்சியில் அது முப்பத்தேழு புள்ளிகளைப் பெற்றது. மோகன் பகான் பெற்றவை முப்பத்தாறு. அங்கும் வேறுபாடு ஒரு புள்ளியே. பட்டத்தின் பின் ஆட்டக்காரர் பலர் பெரிய கழகங்களுக்குச் சென்றமையும் சென்னை சிட்டியின் கதையை ஒத்தது.

ஒப்புமை இவ்வளவே. ஐசோல் கழகம் மறையவில்லை. 2024–25 பருவத்திலும் ஐ-லீக்கில் ஆடியது. காரணம் யாது? மிசோரத்தில் 2012 இலேயே மாநிலத்துக்குரிய ஒரு லீக், உள்ளூர்த் தொலைக்காட்சி நிறுவனமொன்றின் துணையோடு தொடங்கப்பட்டது. ஊர்ச் சிறுவன் பள்ளி மைதானத்திலிருந்து ஊர்க்கழகத்துக்கும், ஊர்க்கழகத்திலிருந்து மாநில லீக்குக்கும், அங்கிருந்து தேசிய லீக்குக்கும் ஏறுதற்குப் படிகள் இருந்தன. மேற்படியில் நின்றவர் சென்றுவிட்டால் அடுத்த படியில் நிற்பவர் ஏறுவார். சென்னை சிட்டியிலோ மேற்படி உண்டு. அதனைத் தாங்கும் கீழ்ப்படிகள் கோயம்புத்தூரில் அக்கழகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு கழகத்தின் முழுப் பாரமும் சில முதலீட்டாளரின் தோளில் நின்றது. தோள் விலகியபோது பாரம் வீழ்ந்தது. பட்டத்தை ஒரு புள்ளி தீர்மானிக்கலாம். அப்பட்டத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் கீழுள்ள படிகளேயாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றை வட்டகொடையிலிருந்து நோக்கும்போது இரு வகை எண்ணங்கள் எழுகின்றன. முதலாவது நம்பிக்கை. பெரிய கழகங்கள் பொருட்படுத்தாத தமிழிளைஞர், ஒரு மைதானமும் ஒரு பயிற்றுவிப்பாளரும் ஒழுங்கான சம்பளமும் கிடைத்தபோது ஆறு மாத காலத்துத் தேர்வில் ஒரு பெருநாட்டின் லீக்கை வென்று காட்டினர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆற்றல் போதாது என்னும் பழைய கூற்றுக்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டியதில்லை. காலையில் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேற்பட்ட மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பாடசாலை செல்லும் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி கற்பிக்க வேண்டியதும் இல்லை.

இரண்டாவது எச்சரிக்கை. எவரேனும் ஒரு செல்வர் அல்லது ஒரு நிறுவனம் வந்து மலையகத்துக்கு ஓர் அணியைக் கட்டித் தருமாயின் அது மகிழத்தக்கதே. ஆயினும் அதனையே வழியெனக் கொள்ளின் கோயம்புத்தூரின் முடிவே நமக்கும் வரும். நமக்கு முதலில் வேண்டுவது உச்சியில் ஓர் அணியன்று. அடியிற் சில படிகள். பொங்கலன்று ஒரு நாளில் முடிந்துவிடும் போட்டிக்குப் பதிலாக, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்கள் எட்டோ பத்தோ கூடி ஞாயிறுதோறும் ஆடும் ஒரு சிறு லீக்கைத் தொடங்கலாம். பெருஞ்செலவு அதற்கு வேண்டியதில்லை. அட்டவணை ஒன்று, மத்தியஸ்தர் சிலர், எழுதி வைக்கப்படும் புள்ளிப் பட்டியல் ஒன்று ஆகியன போதும். தோட்டப் பாடசாலைகளுக்கு முழு அளவான ஆடுகளம், தோட்ட நிருவாகங்களின் வசமுள்ள மைதானங்களைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுதல், ஆட்ட நாளுக்குச் சம்பளம் வெட்டாதிருத்தல் ஆகியவற்றைத் தொழிற்சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு சேர்த்துக் கேட்கலாம். ஓய்வும் உரிமையே என்பதை லங்காஷயர் நெசவாளரின் சனிக்கிழமைப் பிற்பகல் நமக்குக் கற்பித்திருக்கின்றது.

புள்ளிப் பட்டியலை எழுதி வைத்தல் சிறு செயலாகத் தோன்றலாம். ஆயின் மலையகத்து ஆட்டங்கள் வரலாற்றில் இடம்பெறாமைக்கு ஒரு காரணம் அவை எழுதி வைக்கப்படாமையே. யார் ஆடினர், எத்தனை கோல் போட்டனர், எந்தத் தோட்டம் வென்றது என்பன ஆடியோரின் நினைவோடு அழிந்தன. கோயம்புத்தூரின் கழகம் மறைந்த பின்னும் அதன் நாற்பத்து மூன்று புள்ளிகள் பட்டியலில் நிற்கின்றன. அப்பட்டியலை வைத்தே நாம் இன்று அதனை ஆராய முடிந்தது. நம் தோட்டங்களின் பட்டியலை வேறெவரும் நமக்காக எழுதித் தரப்போவதில்லை. பல்கலைக்கழகம் புகுந்த மலையக மாணவர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பும் விடுமுறைகளில் இதனைத் தொடங்குவராயின், பின்வரும் ஆய்வாளர் ஒருவருக்கு வட்டகொடையின் உதைபந்தாட்ட வரலாற்றை எழுதுவதற்கு மூலச்சான்றுகள் கிடைக்கும். ஆடுவோர்க்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த அணியை எதிர்கொள்ள வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.